காத்திருந்த பிள்ளைகள்

கல்கத்தாவில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்தவர்களைப் பார்த்து, "உங்களுக்குக் கால்பந்து தெரியுமா?" என்று கேட்பது, கும்பகோணத்தாரைப் பார்த்து வெற்றிலை தெரியுமா என்று கேட்பது போன்றது. மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகின்ற நாள்களில் ஒரு கட்சியார் இறாலும் மறு கட்சியார் ஹில்ஸாவும் வாங்குவார்கள் என்பது, மீன் வாசனை அறியாத எங்கள் வீட்டுக்கும் தெரிந்த செய்திதான். ஆகையால், 2018-ஆம் ஆண்டு நவம்பரில் மூத்த மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக நாங்கள் இருவரும் அமெரிக்காவில் அட்லாண்டா நகரம் போய்ச் சேர்ந்து, "இப்போது இங்கே கால்பந்துப் பருவம்" என்று மாப்பிள்ளை சொல்லக் கேட்டபோது, அயலூரில் சொந்தக்காரரைக் கண்டது போல் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி மறுநாள் மாலை தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்காரும் வரையில்தான் நிலைத்தது. பந்து முட்டை வடிவில் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், கையால் எறிந்தார்கள். காலால் உதைத்தது எப்போதோ ஒரு முறைதான். தலைக்கவசமும் தோளில் மெத்தையும் தரித்த மலை போன்ற மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்தார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் பிறகு எல்லோரும் எழுந்து நின்று யோசித்தார்கள். இதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர் யாரோ, நாங்கள் அறியோம்.

மாப்பிள்ளை பொறுமைசாலி. நடு ஹாலில் உட்கார்ந்து, பட்டாணியைத் தட்டில் பரப்பி, ஆட்டத்தை எங்களுக்கு விளக்கினார். பக்கத்துக்குப் பதினொருவர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்குக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தால் அது டச்டவுன். அதற்கு 6 புள்ளி. இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. இவ்வளவுதான் ஆட்டம். பட்டாணி தீர்ந்த பிறகே எங்களுக்கு இது விளங்கிற்று.

இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஓர் ஆள் இருக்கிறார். ஒவ்வொரு முயற்சியும் அவர் கையிலிருந்துதான் தொடங்கும். எதிரிகள் நிற்கும் விதத்தைக் கண்ணால் அளந்து, ஓடுவதா, பிறரிடம் கொடுப்பதா, தொலைவில் எறிவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும். வென்றால் மாலை அவர் கழுத்துக்கு. தோற்றால் வசையும் அவருக்கே. மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். குவார்ட்டர்பேக்கை மட்டும் காயம்பட்டாலொழிய எளிதில் மாற்றமாட்டார்கள். எனவே அந்த இடத்துக்கு இரண்டாவதாக இருக்கும் பிள்ளை, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், சட்டையில் அழுக்குப் படாமல் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பான். கச்சேரியில் பின்பாட்டுப் பாடுகிறவருக்குக்கூட இடையிடையே வாய் திறக்க வழி உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை. ஆனால் முதல்வர் படிக்கும் பாடம் அத்தனையையும் இவனும் படித்திருக்க வேண்டும். எந்த விநாடியில் அழைப்பு வருமென்று யாருக்கும் தெரியாது. வராமலே போய்விடுவதும் உண்டு.

இதெல்லாம் கல்லூரி ஆட்டம் என்பதையும் சொல்லவேண்டும். நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் பெற்றோரும் நண்பர்களும் வந்து கைதட்டிப் போவார்கள். அங்கே பல்கலைக்கழக ஆட்டத்துக்கு எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள். அக்காலத்தில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று 85 ஆட்டக்காரர்கள் வரையில் உபகாரச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால், பட்டம் பெற்றுவிட்டுப் போனாலன்றி, பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே இடம் கிடைக்காத பிள்ளைக்கு முன்னால் இரண்டு வழிகளே இருந்தன: இருந்து காத்திருப்பது, அல்லது போய்க் காத்திருப்பது.

மாப்பிள்ளை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தப் பல்கலைக்கழகத்து அணிக்கு அவர் அடியார் என்றே சொல்லலாம். டிசம்பர் 1-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, அட்லாண்டா நகரத்து மெர்ஸிடிஸ் பென்ஸ் அரங்கில் ஜார்ஜியாவும் அலபாமாவும் தென்கிழக்கு மாநாட்டுப் பட்டத்துக்காக மோதுவதாக இருந்தது. அதே அரங்கில் அதே இரு அணிகளும் அவ்வாண்டு ஜனவரி 8-ஆம் தேதி நாட்டின் முதற்பட்டத்துக்காக மோதியிருந்தன. அதில் ஜார்ஜியா தோற்றது. வெள்ளிக்கிழமை இரவு, தோற்ற அந்த ஆட்டத்தின் பதிவை மாப்பிள்ளை மறுபடியும் போட்டுப் பார்த்தார். "தோற்றதை ஏன் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டோம். "எங்கே போயிற்று என்று தெரிய வேண்டாமா, மாமா?" என்றார். நாங்களும் அவருடன் அமர்ந்தோம். நாங்கள் முழுமையாகக் கண்ட முதல் அமெரிக்க ஆட்டம் அதுவே.

அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனை அடுத்த சானல்வியூ என்ற ஊர்ப் பிள்ளை. தந்தையார் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர். 2016-இல் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதற்பருவத்திலேயே, பதினெட்டு வயதில், அவர் முதல் இடத்தைப் பெற்றுவிட்டார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், 2017 ஜனவரியில், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது 30 கஜம் ஓடிச் சென்று அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். எனினும் ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்கையில் கிளெம்சன் அணி 35-31 என்று வென்றுவிட்டது. அவர் தொடங்கி ஆடிய ஆட்டங்களில் அலபாமா 26 வென்று இரண்டில் மட்டுமே தோற்றது என்றால் அவர் தகுதியைப் பற்றி மேலும் சொல்ல வேண்டுவதில்லை.

அவருக்குப் பின்னால் ஓரத்தில் நின்றவர் டூவா டாங்கோவைலோவா. பெயரை எங்களுக்குச் சரியாகச் சொல்ல வர மூன்று நாள் பிடித்தது. இவர் சமோவா வம்சாவளியினர். பசிபிக் மாகடல் நடுவே ஹவாய்த் தீவில் ஈவா பீச் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். மற்ற வேலைகளுக்கு வலக்கை. பந்தெறிய மட்டும் இடக்கை. சிறுவயதில் தந்தையார் அவ்வாறு பழக்கிவிட்டாராம். 2017-இல் இவர் அலபாமாவுக்குப் படிக்க வந்தபோது, குடும்பமே நாலாயிரம் மைலுக்கு மேல் கடந்து வந்து அம்மாநிலத்தில் குடியேறியது. தென்னையும் கடலும் உறவும் சூழ வாழ்ந்த இடத்தை விட்டு, தெரிந்தவர் இல்லாத ஊரில், மகன் ஆடுவானா என்பதே நிச்சயமில்லாத நிலையில் வந்து இறங்கிய அந்தப் பெற்றோரை நினைத்தபோது, 1970-களில் ஹௌரா நிலையத்தில் இரண்டு தகரப் பெட்டிகளோடு இறங்கிய எங்கள் நினைவு எங்களுக்கு வந்தது. ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்புக்காகக் குடும்பம் பெயர்வது இந்த இதழைப் படிக்கும் வீடுகளுக்குப் புதிதன்று.

ஒரு வேடிக்கை: வகுப்பில் ஹர்ட்ஸ் மூத்தவர்; வயதிலோ டூவா ஐந்து மாதம் மூத்தவர். இருவருக்கும் அன்று பத்தொன்பது.

பருவம் முழுவதும் டூவா உட்கார்ந்திருந்தார். வெற்றி உறுதியான பிறகு கடைசியில் சில நிமிடம் இறக்கிவிடுவார்கள். பந்தி முடிந்த பிறகு பரிமாறக் கூப்பிடுவது போலத்தான். மனம் சலித்து, இந்தக் கடைசி ஆட்டத்திலும் இடம் இல்லையென்றால் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவது என்று எண்ணித் தந்தையாரிடம் சொன்னதாகப் பின்னர் அவரே வெளிப்படையாகக் கூறினார். பத்திரிகைகளில் வரும் வெற்றிக் கதைகள் இந்தப் பகுதியைச் சுருக்கிவிடுகின்றன. எங்களுக்கோ இதுவே முக்கியமாகப் படுகிறது. பொறுமையின் சிகரமாக அவர் இருக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் போலப் பெட்டி கட்ட நினைத்தவர்தான். பெட்டி கட்டுவதற்கு முன் அழைப்பு வந்தது.

இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. ஹர்ட்ஸ் எட்டு முறை எறிந்ததில் மூன்றே உரியவர் கையை அடைந்திருந்தன. தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் சிரித்த முகத்தைக் காட்டாதவர். பட்டங்கள் பல கண்டவர். பட்ட ஆட்டத்தின் நடுவே, இருபத்தைந்து வெற்றிகளைத் தேடித்தந்த பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டு, அதுவரை ஓர் ஆட்டத்தையேனும் தொடங்கி ஆடியிராத டூவாவை எழுப்பினார்.

டூவா குறையின்றி ஆடினார் என்று சொல்லமாட்டோம். ஒரு பந்தை எதிரி கையிலேயே எறிந்துவிட்டார். ஒரு கட்டத்தில் 20-7 என்று ஜார்ஜியா முன்னே இருந்தது. ஆனால் பயம் என்பது அந்தப் பிள்ளையின் கால்களில் இல்லை. சிறிது சிறிதாக இடைவெளி குறைந்தது. முடிய நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது, நான்காவது முயற்சியில், கால்வின் ரிட்லி என்பவருக்கு எறிந்து 20-20 ஆக்கினார். ஆட்டத்தின் கடைசி உதை கம்பத்துக்கு வெளியே போயிற்று. அது சென்றிருந்தால் அலபாமா அப்போதே வென்றிருக்கும். கூடுதல் ஆட்டத்தில் ஜார்ஜியா 51 கஜத்திலிருந்து உதைத்து 3 புள்ளி பெற்றது. பிறகு அலபாமாவின் முறை. முதல் முயற்சியிலேயே டூவா பந்தை எறியாமல் நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்து, 16 கஜம் பின்னால் வீழ்த்தப்பட்டார். அனுபவமில்லாதவர் செய்யும் பிழை. இந்த இடத்தில் மாப்பிள்ளை, "இப்போது நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்" என்று பெருமூச்சு விட்டார்.

அடுத்த முயற்சிக்கு 26 கஜம் வேண்டும். டூவா பந்தை வாங்கிப் பின்வாங்கினார். பார்வையை வேறு பக்கம் செலுத்திக் காவல்காரரை அங்கேயே நிறுத்திவிட்டு, இடப்பக்க ஓரத்தில் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்த டெவான்டா ஸ்மித் என்ற முதலாண்டு மாணவருக்கு எறிந்தார். 41 கஜம். பிடித்தார், எல்லையைக் கடந்தார். அலபாமா 26, ஜார்ஜியா 23. அரை ஆட்டத்துக்கு முன்னால் பெரும்பாலோர் பெயர் அறியாத பிள்ளை, அந்த ஒரு எறியால் நாடறிந்தவராகிவிட்டார்.

மாப்பிள்ளை பதிவை அங்கேயே நிறுத்தப் போனார். "இருக்கட்டும், ஓடட்டும்" என்றோம். எல்லோரும் டூவாவைச் சூழ்ந்து குதிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஹர்ட்ஸும் இருந்தார். தலைக்கவசம் இல்லை. அவரும் சிரித்தார், டூவாவைக் கட்டிக்கொண்டார். பிறகு நிருபர்கள் கேட்டபோது, அவருக்காக மகிழ்வதாகச் சொன்னார். பத்தொன்பது வயதில் அதைச் சொல்வதற்கு எவ்வளவு விழுங்க வேண்டியிருந்திருக்கும்! அன்றைய செய்தி முழுவதும் எழுந்த பிள்ளையைப் பற்றியது. எங்கள் கண் உட்கார்ந்த பிள்ளையின்மேலேயே இருந்தது. ஒருவர் எழுந்திருக்க வேண்டுமானால் அந்த இடத்தில் இருந்த ஒருவர் உட்கார வேண்டும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அன்றிரவு மாப்பிள்ளை உறங்கச் சென்ற பின், சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மகள் ஒரு செய்தி சொன்னாள். இரண்டு ஆண்டுகளாக அலுவலகத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவள் கணவர். செப்டம்பரில் அவ்விடத்தில் வயதிலும் அனுபவத்திலும் இளையவர் ஒருவரை அமர்த்திவிட்டார்களாம். "நீங்கள் இருந்து அவருக்கு உதவி செய்யுங்கள்" என்று இவரிடம் சொன்னார்களாம். "உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார், அம்மா. பிரசவம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய் வருகிறார்" என்றாள். எங்களுக்குத் திகைப்பாக இருந்தது. பட்டாணி பரப்பி விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த மனிதர் முகத்தில் இதன் நிழலைக்கூட நாங்கள் கண்டதில்லை. ஏதேனும் சொல்லவேண்டும் என்று தோன்றிற்று. என்ன சொல்வது? பெரியவர்களின் புத்திமதிகள் எல்லாம் தமக்கு நேராத துன்பத்துக்கே பொருத்தமாக இருக்கின்றன. வாயை மூடிக்கொண்டோம். அது நாங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

மறுநாள் ஆட்டத்துக்கு வருமுன் இடைப்பட்ட மாதங்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 2018 பருவம் தொடங்கியதும் டூவாவுக்கே முதல் இடம். ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் புகழ் ஏறியது. நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் விருதுக்கு அவர் பெயர் முன்னின்றது. ஹர்ட்ஸ் போய்விடுவார் என்றே எல்லோரும் எழுதினார்கள். அவ்வாண்டு ஒரு புதிய விதியும் வந்திருந்தது. நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர், அந்தப் பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் காப்பாற்றிக்கொள்ளலாம். நான்காவது ஆட்டத்தோடு அவர் விலகிக்கொள்வார் என்று நாள் குறித்தார்கள். அவர் விலகவில்லை, ஐந்தாவது ஆட்டத்திலும் ஆடினார். தமது பருவம் ஒன்று செலவாவதை அறிந்தே செலவிட்டார். காலையில் வகுப்பு, மாலையில் பயிற்சி. இடையில் டிசம்பரில் பட்டம் பெறுவதற்கான பாடங்களையும் முடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆட்டம். கடைக்குப் போன இடத்தில் ஊரே சிவப்பாக இருந்தது. இரு அணிகளுக்கும் சிவப்பே நிறம். எது எவர் சிவப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை. நிறைமாதத்து மகளுக்கும் மாப்பிள்ளை ஜார்ஜியாச் சட்டை போட்டுவிட்டிருந்தார். நாங்கள் வெளிக்கு ஜார்ஜியாக் கட்சி.

மூன்றாம் பகுதியில் ஜார்ஜியா 28-14 என்று முன்னேறியது. டூவாவுக்கு அன்று எதுவும் அமையவில்லை. எறிந்த 25-இல் 10 மட்டுமே சேர்ந்தன. இரண்டை எதிரி பறித்துக்கொண்டார். எப்படியோ 28-21 ஆயிற்று. நான்காம் பகுதியின் தொடக்கத்தில் அவர் கணுக்காலில் அடிபட்டு நொண்டியபடி வெளியே சென்றார். ஆட்டம் முடிய இன்னும் பதினொரு நிமிடம். ஓரத்தில் ஒருவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். இரண்டாம் எண் சட்டை. ஹர்ட்ஸ்.

அதே ஊர், அதே அரங்கம், அதே எதிரி. பதினொரு மாதத்துக்கு முன் எந்த இடத்தில் எழுந்து போகச் சொன்னார்களோ, அந்த இடத்துக்கு அவரைத் திரும்ப அழைக்கிறார்கள். கதையில் எழுதினால் ஆசிரியர் வலிந்து செய்துவிட்டார் என்று நாமே குறை சொல்வோம். ஹர்ட்ஸ் ஒன்பது முறை எறிந்தார்; ஏழு சேர்ந்தன. ஜனவரியில் எட்டுக்கு மூன்று சேர்த்தவர் இவர்தான் என்று நம்ப முடியவில்லை. நிதானமாகக் கண்ணை ஓட்டி, ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர் என்று தேடி எறிந்தார். உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது எங்களைப் போன்ற பாமரருக்கும் தெரிந்தது. ஐந்து நிமிடம் இருக்கையில் ஜெர்ரி ஜூடி என்பவருக்கு எறிந்து 28-28 ஆக்கினார்.

இனி நடந்ததை மாப்பிள்ளை இன்றும் மன்னிக்கவில்லை. ஜார்ஜியா நான்காவது முயற்சியில், 11 கஜம் வேண்டிய நிலையில், பந்தைத் தொலைவுக்கு உதைத்துவிடுவது போல் பாசாங்கு செய்து, தம்முடைய இரண்டாம் குவார்ட்டர்பேக்கான ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்ற முதலாண்டுப் பிள்ளையிடம் பந்தைக் கொடுத்தது. அவர் வேண்டிய தூரத்துக்கு அருகில்கூடப் போக முடியாமல் வீழ்த்தப்பட்டார். ஓர் அணியின் காத்திருந்த பிள்ளைக்கு அன்று கிடைத்தது இந்த ஒரு தந்திரம்; மறு அணியின் காத்திருந்த பிள்ளைக்குக் கிடைத்தது மீதி ஆட்டம். நல்ல இடத்தில் கிடைத்த பந்தை ஹர்ட்ஸ் முன்னே நகர்த்திச் சென்றார். ஒரு நிமிடமும் நான்கு விநாடியும் இருக்கையில், எறிய ஆள் இல்லாததைக் கண்டு, தாமே 15 கஜம் ஓடி எல்லையைத் தொட்டார். அலபாமா 35, ஜார்ஜியா 28.

எங்களுள் ஒருவர் தம்மை மறந்து கைதட்டிவிட்டார். அது யார் என்று இங்கே எழுதுவதற்கில்லை. மாப்பிள்ளை எங்களைத் திரும்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. தொலைக்காட்சியில் டூவா ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு வந்து ஹர்ட்ஸைத் தழுவினார். கல் போன்ற சேபனுக்குப் பேசும்போது குரல் தழுதழுத்தது. "அவன் வென்றது சரிதான்" என்றார் மாப்பிள்ளை, சட்டையில் ஜார்ஜியாவின் நாயின் படம் இருக்க. பிறகு எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

பேத்தி டிசம்பர் மாத நடுவில் பிறந்தாள்.

அந்த ஆட்டத்தைப் பார்த்ததனால் மாப்பிள்ளை மனம் தேறினார் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். அவர் தேறினாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. புதிய தலைவருக்கு வேலை கற்றுக்கொடுத்தார். தாம் தொடங்கிய பணியை முடித்துக் கொடுத்தார். 2019 கோடையில் வட கரோலினா மாநிலத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு, கைக்குழந்தையுடன் குடிபெயர்ந்தார். வீட்டை விற்றதில் நஷ்டம். மகளுக்குப் புதிய ஊர் ஓராண்டு வரையில் பிடிக்கவில்லை. பழைய அலுவலகத்தார் விடைகொடுத்தபோது கேக் வெட்டினார்களாம். அவ்வளவுதான்.

ஹர்ட்ஸும் போனார். பட்டம் பெற்றவர் என்பதால் உட்காராமல் ஆட உரிமை இருந்தது. 2019-இல் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 3,851 கஜம் எறிந்தும் 1,298 கஜம் ஓடியும், ஹைஸ்மன் விருதுக்கு இரண்டாமவராக வந்தார். முதல்வராக வந்தவர் ஜோ பர்ரோ. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் இரண்டாம் மூன்றாம் இடங்களில் காத்திருந்து, இடம் கிடைக்காமல் லூசியானாவுக்குப் போனவர். அவ்வாண்டு டிசம்பர் 28-இல் இருவரும் எதிரெதிரே மோதினார்கள். மீண்டும் அந்த அட்லாண்டா அரங்கிலேதான். பர்ரோ முற்பகுதியிலேயே ஏழு டச்டவுன் எறிந்தார். 63-28. ஹர்ட்ஸுக்கு அந்த அரங்கம் ஒரு நாள் தரும், ஒரு நாள் பறிக்கும் போலும். ஜார்ஜியாவின் தந்திரத்தில் வீழ்ந்த ஃபீல்ட்ஸ், ஒஹாயோவுக்குச் சென்று அங்கே பெரும்பெயர் பெற்றார். டூவாவுக்கு 2019 நவம்பரில் இடுப்பெலும்பு பிசகி முறிந்தது. அவருக்குப் பின்னால் ஓரத்தில் நின்றிருந்த மாக் ஜோன்ஸ் எழுந்தார். 2021 ஜனவரியில் அவர் நடத்திய அலபாமா அணி, ஃபீல்ட்ஸின் அணியை 52-24 என்று வென்று நாட்டின் பட்டத்தைக் கொண்டது. யார் யாருக்குப் பின்னால் நின்றார் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் விரல் போதாது.

இப்போது விதிகள் மாறிவிட்டன. 2021 முதல் கல்லூரி மாறுகிறவர் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை. ஆட்டக்காரர் தம் பெயரைக் கொண்டு பணமும் ஈட்டலாம். இது நியாயமே. பல்கலைக்கழகங்கள் கோடிக்கணக்கில் பொருள் திரட்டும்போது, பிள்ளைகள் மட்டும் கட்டுப்பட்டுக் கிடக்கவேண்டும் என்பது என்ன தருமம்? ஆயினும், உட்கார்ந்த இடத்திலேயே இருந்து அதே இடத்தில் எழுகின்ற காட்சி இனி அரிதாகத்தான் இருக்கும்.

2020-இல் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது பர்ரோ முதலாவதாகவும், டூவா ஐந்தாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். ஹர்ட்ஸ் ஐம்பத்து மூன்றாவது. எடுத்தது பிலடெல்பியா அணி. அங்கே பெரும்பொருள் ஒப்பந்தத்தோடு வேறொரு குவார்ட்டர்பேக் ஏற்கெனவே இருந்தார். ஆக, மறுபடியும் ஓரம். மறுபடியும் அழுக்குப் படாத சட்டை. டிசம்பரில் அழைப்பு வந்தது. 2023-இல் இறுதி ஆட்டம் வரை சென்று மூன்று புள்ளியில் தோற்றார்.

2025 பிப்ரவரி 10-ஆம் தேதி, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அது ஞாயிறு இரவு. கல்கத்தாவில் விடியற்காலம் ஐந்து மணிக்கே எழுந்து, காபி போட்டுக்கொண்டு கணினி முன் அமர்ந்தோம். நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிலடெல்பியாவும் கான்ஸாஸ் நகரமும் இறுதி ஆட்டம். பிலடெல்பியா 40-22 என்று வென்றது. சிறந்த ஆட்டக்காரர் விருது ஹர்ட்ஸுக்குக் கிடைத்தது. ஆனால் எங்களுக்கு நினைவில் நிற்பது மூன்றாம் பகுதியின் முடிவில் அவர் எறிந்த ஒரு பந்து. 46 கஜம். நீண்டு, உயர்ந்து, ஓடிக்கொண்டிருந்தவர் கையில் வந்து விழுந்தது.

உடனே தொலைபேசி மணி அடித்தது. மாப்பிள்ளை.

"பிடித்தது யார் என்று பார்த்தீர்களா, மாமா?"

பார்த்தோம். டெவான்டா ஸ்மித். ஏழாண்டுக்கு முன் ஹர்ட்ஸை உட்கார வைத்த இரவில் டூவாவின் பந்தைப் பிடித்த அதே பிள்ளை.

பின்னால், பள்ளிக்கூடம் இருக்கும்போது இன்னும் உறங்காமல் ஆட்டம் பார்ப்பதற்காகப் பேத்தியை மகள் கடிந்துகொள்வது கேட்டது. "இது முடியட்டும், அம்மா" என்று சொன்னது பேத்தியா, மாப்பிள்ளையா என்று சரியாகக் கேட்கவில்லை.